ஊசி அசையவில்லை

சென்றாயன் சவுண்ட் சர்வீஸ், பாலக்கோடு.
பதினெட்டு வருசமாக
இந்த ஊரின் தொண்டை நான்தான்.
காதுகுத்து, கருமாதி,
தக்காளி மண்டி அறிவிப்பு.
எல்லாக் கட்சிக்கும் ஒரே ஆம்ப்ளிஃபையர்,
மேலே போர்த்துகிற துணி மட்டும் மாறும்.

கோவிந்தன் வாத்தியார் மகன் மாதேஷுக்கு
மாரண்டஅள்ளி ரோடு மண்டபத்தில் வரவேற்பு.
பெண் ஒஹையோ. பெயர் நோரா.
ஆப்பரா பாடுகிற பெண் என்று அறிமுகம் செய்தார்கள்.
கோரஸில், இடமிருந்து நான்காவது ஆள் என்று
அவளே திருத்தினாளாம், மாதேஷ் சொன்னான்.

ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு என்று கூட்டம் கேட்க
புது பேட்டரி போட்ட கார்ட்லெஸ்ஸோடு ஓடினேன்.
வயிறு நிறைந்தவள் மறுசோறை மறுப்பதுபோல
உள்ளங்கையைக் காட்டினாள்.

வேண்டாமாம்.

பச்சியப்பன் என்னைப் பார்த்தான்.
நானூறு நாற்காலி, பதினாறு ஃபேன்,
பந்தி வாசலில் இடம் பிடிக்கிற சண்டை,
வெளியே ரிவர்ஸ் எடுக்கும் தக்காளி லாரி.
பாவம், நாலாவது வரிசை தாண்டாது.

கால்களைச் சற்று அகட்டி நின்றாள்,
மண்டியில் கூடை தூக்கப்போகிறவன்
நிற்பானே, அப்படி.
விலா விரிந்தது.
பட்டுப்புடவையில் குத்திய ஊக்கு ஒன்று
தெறித்து விழுந்ததை நான் பார்த்தேன்.
பிறகு

என்ன சொல்ல.
அழகு என்று சொல்ல மாட்டேன்.
பிடித்ததா என்றே இன்னும் தெரியவில்லை.
சாம்பார் வாளியோடு போனவன் நின்றுவிட்டான்.
டியூப்லைட் பட்டி கிர்ரென்றது.
கார்ட்லெஸ் என் கையில் அணைந்து கிடக்க
ஆம்ப்ளிஃபையரைத் திரும்பிப் பார்த்தேன்:
ஊசி பூஜ்யத்தில் படுத்திருந்தது,
பகலில் தூங்கும் நாய் மாதிரி.
கரண்டு இல்லை, காயில் இல்லை, காந்தம் இல்லை.
கடைசி வரிசையில் ஒரு கைக்குழந்தை
பால் குடிப்பதை விட்டுவிட்டு மேடையைப் பார்க்கிறது.

வாடகை ஆறாயிரம்.
அன்றைக்கு வாங்கக் கை கூசியது.
வாங்கிக்கொண்டேன்.

வயர் சுருட்டும்போது என்னிடம் வந்தாள்,
மொழிபெயர்க்க மாதேஷும்.
கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டுகிறீர்களே,
முதல் குழாயின் சொல்லும் ஆறாவது குழாயின் சொல்லும்
மோதிக்கொள்ளாதா?
தொழில் தெரிந்தவள் கேட்கிற கேள்வி.
அவள் ஊரில் ஒரு விளையாட்டு மைதானம்,
நாற்பதாயிரம் பேர் நெஞ்சில் கைவைத்து நிற்கிறார்கள்,
தேசிய கீதம் பாடுகிறாள்.
பாடிய சொல் மைதானத்தைச் சுற்றிவிட்டுத்
தாமதமாய் வந்து
பாடப்போகிற சொல்லின் காலை இடறியதாம்.
எங்கள் ஊரில் பேசுகிறவர்கள்
தங்கள் பேச்சைத் தாங்களே கேட்பதில்லை,
அதனால் இடறுவதில்லை என்றேன்.
மாதேஷ் அதை மொழிபெயர்த்தானா, தெரியாது.

பாட்டு நாடகத்திலும் நடித்திருக்கிறாள்.
அங்கே பட்டாணி அளவு மைக்கை
வகிட்டில் முடியோடு முடியாய் ஒட்டிவிடுவார்கள்.
முணுமுணுத்தால் போதும்.
‘ஆனால் யாரோ ஒருவன் இருட்டில் உட்கார்ந்து
என் குரலைக் கூட்டுகிறான், குறைக்கிறான்.
அவன் முகத்தை நான் பார்த்ததே இல்லை.’

அந்த ஆளை எனக்குத் தெரியும்போல் இருந்தது.

அடுத்த ஞாயிறு
பஸ் ஸ்டாண்டு எதிரே பொதுக்கூட்டம்.
‘இனி உங்கள் குரலாக நான்...’ என்று
அவர் கையை உயர்த்தியபோது
எலி கடித்த இடத்தில் வயர் விட்டது.
உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது.
மூன்றாம் வரிசையோடு நின்றுபோனது பேச்சு.
பின்னால், கூலிக்கு வந்த பெண்கள்
தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள்,
பதினாறு நாளாகத் தண்ணீர் வராததை,
முதலில் மெதுவாக,
பிறகு மேடைவரை கேட்கிற மாதிரி.

அறுந்த முனை இரண்டும் என் கையில்.
‘அண்ணே’ என்றான் பச்சியப்பன்.

இருடா என்றேன்.